தம்பியின் நோயும் உன் மகனும்

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. நீ கேட்டதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதக்கூடாது என்று நிறையப் படித்தேன், அதனால்தான் தாமதம்.

உன் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) இருப்பதால் உன் மகனுக்கும் வருமா என்றுதானே கேட்டாய்? பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரலாம் என்பார்கள். சித்தப்பாவுக்கு இருந்தால் 100-க்கு 3 அல்லது 4. அதாவது 96 பேருக்கு வருவதில்லை. நீ பயந்த அளவுக்கு இல்லை, பார்த்தாயா?

மரபுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவுதான். எல்லாம் பிறப்பிலேயே எழுதிவைத்தது என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறதே!

2022-இல் 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவுகள் வெளிவந்தன. மரபணுத் தொகுப்பில் நோயோடு தொடர்புடையவை என்று 287 இடங்களைக் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது துளியளவுதான். அவற்றில் பல உன்னிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். எனவே 'அந்தக் குடும்பத்து ரத்தம்' என்று உறவினர்கள் பேசுவதற்கு அர்த்தமே இல்லை. இன்னொன்று, இதே மரபணு வேறுபாடுகளில் கணிசமானவை இருமுனைக் கோளாறிலும் (மிகையான உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்) தென்படுகின்றன. உன் அத்தைக்கு இருந்த இருமுனைக் கோளாறும் தம்பிக்கு வந்ததும் வேறு வேறு நோய் என்று நினைத்திருந்தோம். வேரில் கொஞ்சம் உறவு இருக்கும் போலிருக்கிறது.

நான் அசந்துபோனது சி4 என்ற மரபணுவைப் பற்றிப் படித்தபோதுதான். அது உடலின் நோய் எதிர்ப்பு வேலையைச் சேர்ந்தது. வளரும் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளைக் கழித்துவிடும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு, தோட்டக்காரர் கிளை நறுக்குவது மாதிரி. அதிகமாகச் செயல்படும் சி4 வடிவம் உள்ளவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல் என்று 2016-இல் கண்டார்கள். கத்தரி கொஞ்சம் அதிகமாக ஓடிவிடுகிறதோ என்பது ஊகம். பதின்வயதைத் தாண்டும்போது நோய் தலைகாட்டுவது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். இப்படிப்பட்ட மரபணு வேறுபாடுகளையெல்லாம் கூட்டி இன்று தரும் ஆபத்து மதிப்பெண்ணை வைத்துத் தனி ஒருவருக்கு நோய் வருமா வராதா என்று சொல்லவே முடியாது. பணம் போய்க் கவலைதான் மிஞ்சும். ஒரு விதிவிலக்கு உண்டு. 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த வகை மனநோய் வருகிறது. தம்பிக்குப் பிறவியிலேயே இதயக் குறையோ அண்ணப் பிளவோ (வாயின் மேற்கூரை பிளந்திருப்பது) இருந்திருந்தால், இந்தத் துண்டு இல்லாததால் இருக்கலாம், டாக்டரிடம் சொல். இல்லையென்றால் விட்டுவிடு.

அதைவிட, மகனிடம் கஞ்சாப் பக்கமே போகாதே என்று பளிச்சென்று சொல். குடும்பத்தில் நோய் இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே ஆபத்து. காரணமில்லாமல் தூக்கம் கெட்டு, ஆட்களைத் தவிர்த்து, எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட ஆரம்பித்தால் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அம்மா இன்னும் தன் வளர்ப்புதான் காரணம் என்று அழுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். 1940-களில் மருத்துவர்களே அப்படித்தான் தாய்மார்கள்மேல் பழி போட்டார்கள், அநியாயம்! 1966-இல் ஹெஸ்டன் என்பவர், நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து, சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரை ஆராய்ந்தார். 5 பேருக்கு நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்மாரைப் பிரிந்து அதேபோல வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வளர்ப்பு காரணமென்றால் இப்படி நடந்திருக்குமா? அம்மாவிடம் இந்தப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டு, மற்ற எண்கள் வேண்டாம்.

தம்பி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானா? செஸ் ஆட ஆள் தேடிக்கொண்டிருந்தால் நான் தயார் என்று சொல்.

அன்புடன்,
முரளி