தத்னாயை எதிரிகளின் வரிசையில் நிறுத்தாதீர்கள்

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் போதகர்களுக்கும் அன்பின் வணக்கம்.

சிறுவயதில் எனக்குச் சொல்லித்தந்த பாடத்தில், நெகேமியாவை எதிர்த்த சன்பல்லாத்து, தொபியா பெயர்களோடு தத்னாயின் பெயரும் ஒரே மூச்சில் வந்தது. எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டும் பணிக்குக் குறுக்கே நின்றவர் என்றே இன்றும் பல பிரசங்கங்களில் கேட்கிறேன். எஸ்றா 5, 6ஆம் அதிகாரங்களை நிதானமாக வாசித்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும்.

ஐபிராத்து நதிக்கு மேற்கேயுள்ள நாடுகளுக்கு அவர் பாரசீக அதிபதி. காலம் கி.மு. 520ஐ ஒட்டியது. பாரசீக ராஜா தரியு பட்டத்துக்கு வந்ததும் பேரரசெங்கும் கலகம் வெடித்து, பாபிலோனே இரண்டு முறை எழும்பி அடங்கியிருந்தது. அந்த நேரத்தில் எருசலேமில் தாவீதின் வம்சத்தானாகிய செருபாபேல் பெருங்கற்களை அடுக்கிக் கட்டுகிறார். யார் உத்தரவு என்று கேட்காமல் போயிருந்தால்தான் அதிபதி கடமை தவறியவர்.

கேட்டார். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. ராஜாவுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். 11 வசனங்களில் 6 வசனங்கள் யூத மூப்பர்களின் பதில்தான். ஆலயம் இடிந்த காரணம், ஆலயத்தைக் கட்டச் சொன்ன முந்தைய ராஜா கோரேஸின் கட்டளை, அவர் நியமித்த அதிபதி சேஸ்பாத்சாரிடம் ஒப்படைத்த பொன் வெள்ளிப் பணிமுட்டுகள் எல்லாம் அவர்கள் சொன்னபடியே இருக்கின்றன. ஒரு வசைச் சொல் இல்லை. நாலாம் அதிகாரத்தில் யூதருக்கு எதிராக ராஜாவுக்கு மனு எழுதிய அதிகாரிகள் ரெகூமும் சிம்சாயியும் எருசலேமைக் கலகமும் பொல்லாப்புமான பட்டணம் என்று எழுதியதை இதன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தத்னாய் கேட்டது இவ்வளவே: கோரேஸ் அப்படிக் கட்டளையிட்டது உண்டா என்று பாபிலோனிலுள்ள ராஜாவின் கஜானாவில் தேடிப் பார்த்து, ராஜாவின் சித்தத்தைத் தெரிவிக்க வேண்டும்.

தேடினார்கள். மேதியாவின் அக்மேதா அரமனையில் கோரேஸின் கட்டளை எழுதிய சுருள் கிடைத்தது. ஆலயத்தின் அளவும் அதில் இருந்தது: 60 முழ உயரம், 60 முழ அகலம், மூன்று வரிசை பெருங்கல், ஒரு வரிசை மரம். அவர் கேட்டிராவிட்டால் அந்தச் சுருளை யார் தேடியிருப்பார்கள்? செலவையும் அவருடைய பகுதியின் வரிப்பணத்திலிருந்தே கொடுக்கும்படி தரியு கட்டளையிட்டார். அவர் முணுமுணுக்காமல் அப்படியே செய்தார். தரியுவின் 6ஆம் ஆண்டில் ஆலயம் முடிந்தது.

கி.மு. 502ஆம் ஆண்டின் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில், கடன் பத்திரத்துக்குச் சாட்சியாக நின்றவன் 'தத்தன்னு' என்ற அதிபதியின் வேலையாள். அந்த அதிபதி இவர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அடுத்த முறை எஸ்றாவை எடுக்கும்போது, அந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருவர்