ஞாயித்துக்கிழமைக்கு எந்த பாட்டில்னு கேட்டியே

கண்ணா,

அந்தப் பொண்ணு வீட்டுக்கு மதிய சாப்பாட்டுக்கு போறேன், நல்லா கனமான ரெட் ஒயின் ஒண்ணு பேரு சொல்லும்மான்னு ஒத்த வரியில மெசேஜ் போட்டுட்டு நீ பாட்டுக்கு போயிட்ட. பேரு மட்டும்னா ரெண்டு செகண்ட்ல சொல்லிடுவேன், ஆனா அவங்கப்பா பாட்டில கையில வாங்கி திருப்பித் திருப்பி லேபிளப் பாத்து ஏதாவது கேப்பாரு, இந்த ஊர் அப்பாங்க அத்தன பேரும் கேப்பாங்க, நீ அங்க முழிச்சிட்டு நிக்கக்கூடாது. அதான் உக்காந்து எழுதுறேன், பொறுமையா படி.

தெற்கு பிரான்ஸ்ல, ஒராஞ்ஜுல வளந்த புள்ளடா நீ. வீட்டுலேருந்து கார்ல கால் மணி நேரம் போனா ஒயினுக்குப் பேர் போன ஷாதோநெஃப்-து-பாப், ஆனா உனக்கு பியரத் தாண்டி ஒண்ணும் தெரியாது. நான் பாண்டிச்சேரிலேருந்து வந்த புதுசுல அந்தக் கூட்டுறவு ஒயின் கடையில கவுண்டர்ல நிக்க ஆரம்பிச்சப்ப, உங்க சித்தப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் அண்ணி சாராயக் கடையில வேலை பாக்குதுன்னு சொல்லிட்டு திரிஞ்சாரு. சரி விடு, அதே சித்தப்பா இங்க வந்தப்ப பெட்டியில எத்தன பாட்டில் ஏத்திக்கிட்டுப் போனாருன்னு எனக்குத் தெரியும்.

ஷாதோநெஃப்-து-பாப்னா போப்போட புதுக் கோட்டைன்னு அர்த்தம், அந்தப் பேரு வந்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்றேன். 1309ல போப் ரோமுக்குப் போகாம பக்கத்து ஊர் அவிஞ்ஞோன்ல வந்து உக்காந்துட்டாரு, அப்புறம் வந்த இருபத்திரெண்டாம் ஜான்ங்கற போப் இந்த மேட்டு மேல ஒரு கோட்டை கட்டினாரு. இப்ப நிக்கிறது பாதி சுவருதான், மீதிய 1944ல ஜெர்மன்காரன் போறப்ப வெடி வெச்சுட்டுப் போயிட்டான். ஊருக்கு இந்தப் பேரே 1893லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வேற பேரு. இன்னொண்ணு, சிரிக்காத, 1954ல அந்த ஊர் மேயர் பறக்கும் தட்டு எதுவும் எங்க திராட்சைத் தோட்டத்துல இறங்கக்கூடாதுன்னு ஒரு உத்தரவே போட்டாரு. பேச்சு நின்னு போச்சுன்னா இத எடுத்து விடு, கண்டிப்பா வேலை செய்யும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த ஒயின்ல பதிமூணு வகை திராட்சை போடலாம்னு சட்டம் இருக்கு, அதுக்காக எல்லாரும் பதிமூணும் போடறாங்கன்னு நினைக்காத, பொகாஸ்தேல் தோட்டக்காரங்க மாதிரி ஒண்ணு ரெண்டு பேருதான் அப்படி பிடிவாதமா எல்லாத்தையும் வளக்கறாங்க. நிஜத்துல வேலை பாக்கறது மூணு. க்ரெனாஷ், சீரா, மூர்வேத்ர். இந்த மூணும் என்ன செய்யுதுன்னு தெரிஞ்சா தெற்கு ரோன், அதாவது இந்த ரோன் ஆத்துப் பக்கத்து ஒயின் முக்கால்வாசி உனக்குப் புரிஞ்சிடும்.

க்ரெனாஷ் ஸ்பெயின் பக்கத்துலேருந்து வந்தது, வெயில் எவ்வளவு அடிச்சாலும் தாங்கும், மிஸ்த்ரால் காத்துக்கும் அசையாது. சர்க்கரை எக்கச்சக்கமா ஏறும், அதனாலதான் ஆல்கஹால் சாதாரணமா 14, 15 சதவீதம்னு நிக்குது. வாயில வெச்சதும் ஸ்ட்ராபெரி மாதிரி ஒரு இனிப்பு வாசனை, உடம்புக்குள்ள ஒரு கதகதப்பு, அதெல்லாம் க்ரெனாஷ்தான். ஆனா கலர் வெளுத்துப் போகும், காத்து பட்டா சீக்கிரம் கெட்டுப் போகும், அதுக்காகத்தான் அத சின்ன பீப்பாயில போடாம பெரிய சிமெண்ட் தொட்டியில வெக்கறவங்க இங்க ஜாஸ்தி. சீரா வடக்கு ரோன்காரன், கருகருன்னு கலர் குடுப்பான், மிளகு வாசம் அவனோடதுதான். மிளகு வாசம்னு சும்மா சொல்லல, நம்ம மிளகுல இருக்கற ரோட்டன்டோன்ங்கற அதே பொருள் சீரா தோல்லயும் இருக்குன்னு 2008ல ஆஸ்திரேலியாக்காரங்க கண்டுபிடிச்சாங்க. கடையில அத்தன பேர் காட்டுப்பழம் கருப்புப்பழம்னு சொல்லிட்டு இருக்கறப்ப எனக்கு முதல்ல மூக்குல ஏறினது மிளகு ரசம்தான், உங்கப்பா நம்பவே இல்ல. மூணாவது மூர்வேத்ர், ரொம்ப லேட்டா பழுக்கும், நல்ல துவர்ப்பு, தோல் செருப்பு வாசம் கூட அடிக்கும் சில சமயம், சின்ன வயசுல முரட்டுத்தனமா இருக்கும் ஆனா காத்து பட்டா லேசுல கெடாது. க்ரெனாஷ் சீக்கிரம் சோர்ந்து போகாம பல வருஷம் தூக்கி நிறுத்தறது இதான், எனக்கு மூணுல இதத்தான் பிடிக்கும்.

குளிர்காலத்துல கடைக்குப் பின்னாடி கலக்கறதப் பாக்கணுமே நீ. ஒவ்வொரு வகையும் தனித்தனியா புளிக்க வெச்சிருப்பாங்க, அளவு போட்ட கண்ணாடிக் குழாயில இதுல இவ்வளவு அதுல இவ்வளவுன்னு ஊத்தி, மூக்குல வெச்சு, வாயில கொப்பளிச்சு துப்பி, மறுபடி ஊத்தி, ஒரு பெரியவர் சீராவ இன்னும் கொஞ்சம் குறைன்னுவாரு, அவர் மகன் முடியாதுன்னுவான், மதியம் வரைக்கும் அதே சண்டை. கலந்தாதான் நல்ல ஒயின்னு சட்டம் ஒண்ணும் இல்ல, ரயாஸ்னு ஒரு தோட்டம் இருக்கு, மணல் மண்ணு, வெறும் க்ரெனாஷ்தான், விலை நாம கிட்ட போக முடியாது.

கல்லப் பத்தி அவங்கப்பா கேக்கலாம். ஷாதோநெஃப் தோட்டங்கள்ல தேங்கா சைஸ் கூழாங்கல்லா கிடக்கும், ஆறு ஒரு காலத்துல உருட்டிட்டு வந்தது, மே மாசம் பாண்டிச்சேரியில மொட்டை மாடி ராத்திரி பத்து மணிக்கும் காலச் சுடுமே அப்படி சூட்ட வெச்சிருந்து கொடிக்குக் குடுக்கும். ஆனா எல்லாத் தோட்டமும் கல்லு இல்ல, சுண்ணாம்பு மண்ணு, மணல் எல்லாம் இருக்கு, போஸ்ட் கார்டுல மட்டும்தான் கல்லு.

1923ல பாரோன் லெ ருவான்னு ஒரு வக்கீல், ஃபோர்தியா தோட்டத்துக்காரர், வேற ஊர் ஒயின இந்தப் பேர்ல விக்கறாங்கன்னு கடுப்பாகி விவசாயிகளச் சேத்து விதி எழுதினாரு. லாவெண்டரும் தைம் செடியும் சேந்து வளர்ற வறண்ட நிலம்தான் எல்லை, ஆல்கஹால் குறைஞ்சது 12.5, பழத்த ஆளுங்க பாத்து தரம் பிரிக்கணும். இன்னிக்கும் அங்க மெஷின்ல அறுக்கக்கூடாது, கையாலதான். 1936ல அரசாங்கமே அத ஏத்துக்கிச்சு, பிரான்ஸ்ல மத்த ஊருங்களும் அந்த வழியிலதான் போச்சு.

இவ்வளவு சொல்லிட்டு நான் உன்ன ஷாதோநெஃப் வாங்கச் சொல்லப் போறதில்ல. சூப்பர் மார்க்கெட்ல 20 யூரோவுக்குக் கீழ அந்தப் பேர்ல இருக்கறதெல்லாம் பேருக்குத்தான் காசு, வெந்த ஜாம் மாதிரி இருக்கும். அதே காசுக்கு பக்கத்து ஊர் ஒயின் ஜிகோந்தாஸ் வாங்கு, இல்லன்னா வாக்கேராஸ். அதே க்ரெனாஷ், சீரா, மூர்வேத்ர்தான், ஜிகோந்தாஸ் மலை அடிவாரத்துல கொஞ்சம் உயரத்துல இருக்கறதால ராத்திரி குளிரும், கனமா இருந்தாலும் தொண்டையில அடைக்காது. லேபிள்ல அறுவடை வருஷம் 2019 இருந்தா அத எடு. 2016 கண்ணுல பட்டா யோசிக்காம எடு.

லேபிள்ல ஆல்கஹால் 14.5ன்னு போட்டிருக்கும், பயப்படாத, ஆனா ரெண்டு கிளாஸுக்கு மேல போகாத, நீ ரயில்ல திரும்பணும். ஹீட்டர் போட்ட வீட்டுல அப்படியே ஊத்தினா ஆல்கஹால்தான் மூக்குல குத்தும், 16, 17 டிகிரி போதும், கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடு. ஆட்டுத்தொடை ரோஸ்ட் பண்றாங்கன்னு சொன்னேல்ல, அதுக்கு சரியா இருக்கும். நம்ம வீட்டு மட்டன் குழம்புக்கு மட்டும் இத எடுக்காத, மிளகாய் காரமும் இந்த ஆல்கஹாலும் துவர்ப்பும் சேந்தா வாய் எரியும், மிளகு வறுவல்னா பரவாயில்ல, நல்லாவே போகும்.

நீ குடுத்த பாட்டில அன்னிக்கே திறக்கலைன்னா மனசுல வெச்சுக்காத. அவங்க சமையலுக்குன்னு ஏற்கனவே ஒண்ணு எடுத்து வெச்சிருப்பாங்க, உன்னோடத உள்ள பத்திரமா வெச்சுட்டா மரியாதைதான்.

அவங்கம்மாவுக்குப் பூ வாங்கிட்டுப் போ. சாமந்தி மட்டும் எடுத்துடாத, இங்க அது கல்லறைக்கு வைக்கிற பூ.

அம்மா