காதக் கல்லை அதன் இடத்திலேயே பேசவிடுங்கள்

நெடுஞ்சாலைத் துறை, தொல்லியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இரண்டு துறைகளுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். சாலை ஒருவர் பொறுப்பு, சாலையோரக் கல்வெட்டு இன்னொருவர் பொறுப்பு. நான் சொல்ல வரும் கல்லோ இரண்டுக்கும் சொந்தமானது.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லை நீங்கள் அறிவீர்கள். நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்லும் கல். பெருவழி என்றால் அந்தக் காலத்து நெடுஞ்சாலை, காதம் என்றால் பழைய தூர அளவு, தாவளம் என்றால் வணிகர்கள் தங்கிச் செல்லும் இடம். அந்தக் கல்லில் எழுத்தும் எண்ணும் மட்டும் இல்லை; இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் உண்டு. பெரிய குழி பத்து, சிறியது ஒன்று. எழுத்தறியாத பொதிமாட்டுக்காரரும் எண்ணிப் பார்த்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். இருட்டிவிட்டால்கூட விரலால் தடவிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். கல்லை நட்டவர் ராஜாவையும் புலவரையும் நினைத்து அதைச் செய்யவில்லை, மாடு ஓட்டி வருகிறவரை நினைத்துச் செய்திருக்கிறார். உங்கள் கிலோமீட்டர் கல்லிலும் இதே அக்கறை இருக்கிறதே! மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

சேலம் மாவட்டத்து ஆறகழூரிலும் இப்படி ஒரு கல் உண்டு. மகதேசன் பெருவழியில் காஞ்சிபுரம் 16 காதம் என்கிறது. அதிலும் குழிகள்தான் கணக்கு.

என் கவலை இதுதான். கோயில் கல்வெட்டை வேறிடத்தில் வைத்தாலும் அதிலுள்ள தானம் தானம்தான். தூரக் கல் அப்படியில்லை. 29 காதம் என்பது அந்தக் கல் நின்ற இடத்திலிருந்து 29 காதம். நாலு ஊர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தால் அது சொல்வது பொய்யாகிவிடும். பாதுகாப்புக்காக அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போகிறோம். சரி, அதில் தவறு சொல்லவில்லை. ஆனால் எடுத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு நகல் கல்லை நடக்கூடாதா? குழிகளும் அதே அளவில் இருக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்கள்.

கோவைப் பக்கம் சுண்டக்காமுத்தூரில் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இன்னும் தன் இடத்திலேயே பாறையில் இருக்கிறது. ஒரே செய்தியைத் தமிழ் எழுத்திலும், தமிழை எழுதப் பயன்பட்ட இன்னொரு பழைய எழுத்தான வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வட்டெழுத்து பழக்கம் என்பதால் அப்படி வெட்டியிருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில்தான் விலகி வழி விடுகிறது. மலையைத் தாண்டினால் நொய்யல் பள்ளத்தாக்கு. ஆற்றோடு கிழக்கே போனால் காவிரி. ராசகேசரி என்ற பட்டம் சோழர்களுடையது, ஆனால் அந்தத் தடம் அவர்களுக்கும் மூத்தது. வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளும் நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த மணிக்கற்களும் அதற்குச் சாட்சி. கல்வெட்டு அங்கேயே இருப்பதால்தான் மலையையும் கணவாயையும் பார்த்தபடி அதைப் படிக்க முடிகிறது. போகும் வழியைக் காட்ட நல்ல பலகை வையுங்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்பும் பெயிண்டும் பூசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறையைச் சொல்லிவிட்டேன், இந்தப் பெருவழிகளில் நடந்த மனிதர்களையும் சொல்ல வேண்டும். உப்பு விற்ற உமணர், வழியில் மேடு பள்ளம் எப்படியிருக்குமோ என்று வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு பின்னால் ஐந்நூற்றுவர் போன்ற பெரிய வணிகக் குழுக்கள் காவலுக்கு வீரர்களையே வைத்திருந்தன. எறிவீரர் என்ற அந்த வீரர்களால்தான் எறிவீரபட்டினம் என்ற ஊர்ப்பெயர் வந்தது. அவ்வளவு ஆபத்தான வழியில், இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு கல் சொன்னால் அது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

இனி நெடுஞ்சாலைப் பொறியாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கணவாயும் ஆற்றுத்துறையும் இடம் மாறுவதில்லை. அதனால் நீங்கள் அகலப்படுத்தும் சாலைகளில் பல, பழைய பெருவழியின் மேலேயோ அதற்குப் பக்கத்திலேயோ போகும். அங்கே நிற்கும் கல் எல்லைக்கல்லாகத் தெரியலாம், துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கலாம், மஞ்சள் பூசிய சாமியாகவும் இருக்கலாம். இயந்திரம் வருவதற்கு முன் ஒருநாள், தொல்லியல் துறையிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வழியை நடந்து பாருங்கள். எழுத்து தேய்ந்து போயிருந்தாலும் குழிகள் இருக்கும். அவற்றை எண்ணி எழுதிக்கொண்டு, இடத்தைக் குறித்துவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
பெருவழிகளைத் தேடி நடக்கும் ஒருவன்