கார்டில் கோடு விழவில்லை என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாளையொட்டி வந்த கட்டுரையில் ஹெபடைடிஸ் சி இப்போது மாத்திரையிலேயே குணமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் போதும். 2018-இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம். இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காய்ச்சலும் உடம்புவலியுமாகக் கிடந்தவர்களைப் பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் மாத்திரையைத் தொடங்கும் முன், ஹெபடைடிஸ் பி வைரஸும் உடம்பில் மறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதைக் கட்டுரை விட்டுவிட்டது.

சேலத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏற்காட்டில் காபித் தோட்ட மேஸ்திரியாக இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு சி வைரஸ் இருப்பது தெரிந்தது. டவுனில் ஒரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டோடு வந்தான். "பி இல்லேன்னு போட்டிருக்காங்கண்ணா" என்றான். வாங்கிப் பார்த்தால், பி வைரஸின் மேலுறைப் புரதத்தை ரத்தத்தில் தேடும் எச்பிஎஸ்ஏஜி கார்டு டெஸ்ட் மட்டும்தான் செய்திருந்தார்கள். கோடு விழவில்லை, நெகட்டிவ். அவ்வளவுதான்.

பி வைரஸ் அத்தனை சுலபமாக வீட்டைக் காலி செய்வதில்லை. பழைய தொற்று அடங்கிய பிறகும் அதன் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் உட்கருவில் தங்கிவிடும். கூடவே சி வைரஸும் இருந்தால், பி பெருகாமல் அது அமுக்கி வைக்கிறது. 1999-இல் இத்தாலியில், எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவான சி நோயாளிகள் 200 பேரின் கல்லீரல் திசுவைச் சோதித்ததில் 66 பேரிடம் பி-யின் டிஎன்ஏ இருந்தது. நம் ஊரிலும் அதே விகிதம் என்று சொல்ல வரவில்லை.

மாத்திரை சி-யை விரட்டியதும் பி தலைதூக்கக்கூடும். 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அப்படி 24 பேருக்கு நேர்ந்ததையும், அதில் இருவர் இறந்ததையும் சொல்லி, இந்த மருந்துகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பி மறைந்திருப்பவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வந்தாலே பெரிது. எனவே இதைப் படித்துவிட்டு யாரும் சி மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். கீழாநெல்லியோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம்.

நான் கேட்பது ஆன்டி-எச்பிசி டோட்டல் என்ற சோதனையை. பி எப்போதாவது உடம்புக்குள் வந்து போயிருந்தால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுக்கும். தம்பிக்குப் பாசிட்டிவ் என்றே வந்தது. டாக்டர் தயங்காமல் சி மருந்தைத் தொடங்கிவிட்டார், மாதாமாதம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி பார்க்கிறார். அது ஏறினால் பி டிஎன்ஏ எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் பார்த்த தனியார் லேப் பேக்கேஜ்களில் இந்தச் சோதனை இல்லை. சி பாசிட்டிவ் என்று வந்தவர்களுக்காவது இதைச் சேர்க்கலாம். மலையிலிருந்து இறங்கி வந்து ரத்தம் கொடுத்தால் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. அவர்களை இன்னொரு தடவை வரவழைக்க வேண்டியதில்லை, முதலில் எடுத்த குழாய் ரத்தத்திலேயே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
அஸ்தம்பட்டி, சேலம்.