விலை போட்டீர்கள், எடை போடவில்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றிக்கொள்ளும் கேம்பர் என்ற தங்கும் கூடு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓடும்போது கூரை தாழ்ந்து கிடக்கிறது. நிறுத்தியதும் மேலே தூக்கிவிட்டால் துணிச் சுவரோடு ஓர் அறை எழும்பி நிற்கிறது. படங்கள் பிரமாதம். ஹீட்டர், ஃப்ரிட்ஜ், சோலார், பக்கவாட்டுப் பந்தல் என்று ஒவ்வொன்றுக்கும் டாலரில் விலை போட்டு, பக்கத்தில் ரூபாய்க் கணக்கும் கொடுத்திருந்தீர்கள். ஆனால் ஒரு சாமானுக்குக்கூட எடை போடவில்லை. கைப்பிள்ளை வைத்திருக்கும் குடும்பம் இந்த வண்டியில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பதைக் கிலோக் கணக்குதான் முதலில் முடிவு செய்யும். காசுக் கணக்கு அப்புறம்.

நான் காரைக்குடியில் பேட்டரி கடை வைத்திருப்பவன். பழைய பேட்டரியை எடைக்கு எடுக்கும் தொழில் என்பதால் கடை வாசலில் எப்போதும் ஒரு தராசு மேடை கிடக்கும். எந்தச் சாமானைக் கண்டாலும் அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லும் புத்தி எனக்கு. மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கிறார்கள். பேரனுக்கு ஐந்து வயது, பேத்திக்கு இரண்டு. இப்படி ஒரு கேம்பருக்கு ஆர்டர் கொடுக்கப்போகிறார்கள். அதில் என்னென்ன சேர்க்கலாம் என்று கம்பெனிக்காரன் கொடுத்த பட்டியல் வாட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆளுக்கொரு பேனாவோடு நானும் என் மனைவியும் அதில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அங்கே விற்கும் டிரக்கில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையோரம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் அதில் இருக்கும். ஒரே மாடல் இரண்டு வண்டிக்கு எண் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லமுடியாது. சன்ரூஃப், நாலு சக்கர இயக்கம் என்று சொகுசு ஏற ஏற எண் இறங்கும். மாப்பிள்ளை வைத்திருந்த டிரக்கில் 1,540 பவுண்டு. நம் கணக்கில் 700 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அவர்கள் பிடித்துப்போய்ப் பார்த்து வைத்த கேம்பர், எதுவுமே சேர்க்காமல் வெறும் கூடாக, 500 கிலோ. பெரியவர்கள் இருவர் 135. பிள்ளைகள் இருவர் 29. பிள்ளைகளைக் கட்டி உட்காரவைக்கும் இருக்கை இரண்டும் சேர்த்து 20. மிச்சம் 15 கிலோகூட முழுதாக இல்லை. 75 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 75 கிலோ. இன்னும் அடுப்பு வரவில்லை, ஃப்ரிட்ஜ் வரவில்லை, ஒரு படி அரிசி வரவில்லை.

“பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டிவிட்டால் தாங்கும்” என்று நம் லாரிக்காரர்கள் சொல்வதைப் போலவே அங்கேயும் சொல்கிறார்களாம். பட்டை கூட்டினால் வண்டியின் பின்புறம் உட்காராமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதானே? ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. கடைசியில் மாப்பிள்ளை டிரக்கையே மாற்றுகிறார். புது டிரக்கின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, 2,600 பவுண்டு, அதாவது 1,180 கிலோ என்று பார்த்த பிறகுதான் நான் பட்டியலைக் கையில் எடுத்தேன்.

சிறு பிள்ளை உள்ள வீட்டில் முதலில் முடிவு செய்யவேண்டியது படுக்கை. அதை உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. கேம்பரில் டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் பெரிய மெத்தை வரும். கீழே சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி மெத்தை போட்டால் இன்னொரு படுக்கை. எல்லோரும் இந்த மேசைப் படுக்கையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளை ராத்திரி ஏழு மணிக்குத் தூங்கிவிட்டால் மேசை போயிற்று, உட்கார இடம் போயிற்று. வெளியே மழை பெய்தால் தாயும் தகப்பனும் ஏழரை மணிக்கே மேலே ஏறிப் படுக்கவேண்டியதுதான். இதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். “பிள்ளையைத் தூங்க வச்ச பெறகு பெத்தவளுக்கு ஒரு வாய் காப்பித் தண்ணி குடிக்க இடம் வேணாமா?” என்று போனிலேயே மகளைக் கேட்டாள். இப்போது பிள்ளைகளை மேலே தூங்கவைப்பது, விழாமல் இருக்க ஓரத்தில் வலை கட்டுவது, கீழே மேசைக்குப் பதில் இழுத்தால் படுக்கையாகும் சோபா என்று பேச்சு முடிந்திருக்கிறது. வலைக்குக் கொக்கி மாட்டும் இடம் கம்பெனியிலேயே பலமாக அடித்து வரவேண்டும். பிறகு நாமாக ஆணி அடித்தால் மெல்லிய தகட்டில் நிற்காது.

ஓடும்போது பிள்ளைகள் கேம்பருக்குள் விளையாடிக்கொண்டு வரலாம் என்று யாராவது நினைத்தால் அதை மறந்துவிடவேண்டும். குழந்தை இருக்கையைக் கட்ட அதில் வழி கிடையாது. அவர்கள் இடம் டிரக்கின் பின்சீட்டு. ஆகவே நாலு கதவு டிரக் கட்டாயம்.

அடுத்தது ஹீட்டர். நம் ஊர் வெயிலில் இருந்துகொண்டு இதைச் செலவு என்று அடித்துவிடத்தான் கை போகும். ராக்கி மலையில் 3,000 மீட்டர் உயரத்தில் ஆடி மாதத்திலும் ராத்திரி நடுங்கவைக்கும். துணிச் சுவர் குளிரைத் தடுக்காது. கேஸில் எரிந்து புகையை வெளியே தள்ளும் ஹீட்டர்தான் வேண்டும். உள்ளேயே எரியவிடும் சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு தூங்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது, கண்ணில் தெரியாது. அதற்கான அலாரம் இல்லாமல் வண்டி எடுக்காதே என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். கூடவே கூரையில் காற்றுப்போக்கி ஃபேன் ஒன்றும் வேண்டும். நாலு பேர் விடும் மூச்சு விடிகாலையில் துணிச் சுவரில் முத்து முத்தாக நிற்கும். கூரை மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்தால்தான் மெத்தை நனையாது. துணிச் சுவரால் இன்னொரு சங்கடமும் உண்டு. யெல்லோஸ்டோன் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற முகாமில் கரடி நடமாட்டம் இருப்பதால் கெட்டிச் சுவர் வண்டிகளை மட்டுமே விடுகிறார்கள். அங்கே போகும் ஆசை இருந்தால் வேறு முகாமைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் 1953 முதல் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே மின்வேதியியல் படித்தவர்கள் முன்னால் நான் பலகை தூக்கிப் போகிற பிள்ளை. ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்து கற்ற கணக்கு ஒன்று உண்டு. பேட்டரியில் இருக்கும் கரண்டை ஆம்பியர்-மணி என்றுதான் அளப்போம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 35, 40 ஆம்பியர்-மணி இழுக்கும். ஹீட்டர் எரிவது கேஸில் என்றாலும் அதன் ஃபேன் ராத்திரி முழுக்க விட்டு விட்டு ஓடி ஒரு 15 இழுக்கும். விளக்கு, செல்போன், பால் சூடாக்கும் சின்னக் கருவி என்று இன்னொரு 10. கூட்டினால் 65 பக்கம் வருகிறது. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துப்போகும். ஆக அதில் கைக்கு வருவது 50தான். எடையோ 28, 30 கிலோ. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ பக்கம் நிற்கும், 80க்கு மேல் தாராளமாகக் கொடுக்கும். லெட் ஆசிட் விற்றுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. இருந்தும் இந்த வண்டிக்கு லித்தியம் என்றுதான் சொன்னேன். ஒரே எச்சரிக்கை: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போன லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக்கூடாது, செல் கெட்டுவிடும். அதனால் பேட்டரியை வண்டிக்கு வெளிப்புறப் பெட்டியில் வைக்காமல் உள்ளே, ஹீட்டர் காற்று படும் மூலையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் எடுத்தால் பேட்டரிக் கவலை குறையும் என்பார்கள். அது வண்டி சமமாக நின்றால்தான் சரியாகக் குளிரும். மலைச்சரிவில் நிறுத்திவிட்டுப் பிள்ளைப் பால் திரிந்ததென்று அழமுடியாது.

சோலார் தகடும் வேண்டியதுதான். ஆனால் கூரையைத் தூக்குவது நம் கை என்பதை மறந்து அதன்மேல் தகடு, கேரியர், சைக்கிள் என்று அடுக்குகிறார்கள். மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளில் மகள் ஒருத்தியாகத் தூக்கவேண்டியிருக்கும், இடுப்பில் ஒரு பிள்ளையும் தொங்கும். தூக்க உதவும் கேஸ் ஸ்ட்ரட் போட்டுத்தான் வரவேண்டும் என்று எழுதியாயிற்று.

ஏசியை அடித்துவிட்டோம். கரண்டு பாயிண்ட் உள்ள முகாமில் நின்றால்தான் அது ஓடும், கூரைமேல் மூட்டை வேறு. வெந்நீர் ஹீட்டரும் போயிற்று. அடுப்பில் கெட்டில் வைத்தால் இரண்டு பிள்ளைகளைத் துடைத்துவிடலாம். கழிப்பறையில் மட்டும் கை வைக்கவில்லை: எடுத்து வைக்கும் பெட்டிக் கழிப்பறை ஒன்று உள்ளே இருந்தே ஆகவேண்டும். ஒன்றுக்கு இரண்டுக்குச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கும் பேத்தியை நடுராத்திரி இருட்டில் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

பட்டியலில் எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள் என்று மகளிடம் சொன்னேன். இதைப் பிறகு போட்டுக்கொள்ள முடியுமா? பந்தல், கேரியர், கூடுதல் தகடு எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வரும். ஹீட்டர் பொருத்தும் ஓட்டை, தண்ணீர்த் தொட்டி, சுவருக்குள் போகும் ஒயர், சோபா அமைப்பு இவையெல்லாம் கூடு கட்டும்போதே வரவேண்டியவை. சோலார் இப்போது வேண்டாம் என்றாலும் அதற்கான ஒயரை இழுத்துவைத்துவிடச் சொல்லலாம். ஒயருக்கு எடை கொஞ்சம்தான்.

மகள் கேட்டாள் என்று அனுப்பவிருந்த அடுப்படிச் சாமான்களை என் மனைவி கடைக்கே கொண்டுவந்து தராசில் அடுக்கினாள். இரும்புப் பணியாரச் சட்டி மட்டும் இரண்டரைக் கிலோ காட்டியது. இட்லிப் பானை, சின்னக் குக்கர், அடுக்குத் தூக்கு என்று ஏற ஏற முள் நகர்ந்தது. கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவள், இட்லிப் பானையை இறக்கினாள். “பணியாரம் சுட்டா இட்லி எதுக்கு?” என்றாள். சட்டி அங்கேயேதான் இருந்தது. சின்ன வயதில் தை மாதம் பழனிப் பாதயாத்திரைக்குக் குன்றக்குடியிலிருந்து கிளம்பும்போது எங்கள் அப்பத்தாவும் இப்படித்தான், ஒவ்வொருவர் பையையும் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாமான் வண்டியில் ஏற்ற விடுவார்.

இப்படிப்பட்ட கட்டுரை இனி வந்தால் விலைக்குப் பக்கத்தில் எடைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இன்னொன்று. கட்டுரையின் கடைசியில், நம் ஊர் இளம் தம்பதிகளும் ஒரு பிக்கப் வாங்கி இப்படிச் செய்துகொள்ளலாம் என்று எழுதிவிட்டீர்கள். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் என்று நாலு கதவு பிக்கப் இங்கே கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றிக் கட்டக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. பட்டறையில் காசு கொடுத்து வெல்டிங் வைத்த பிறகு எஃப்.சி.க்கும் இன்ஷூரன்ஸுக்கும் அலைவது வாங்கியவர்தான். என் கடைக்கு வரும் இரண்டு பையன்கள் உங்கள் கட்டுரையைக் காட்டி, “அண்ணே, பேட்டரி எத்தனை ஆம்ஸ் போடலாம்?” என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். வண்டியில் பூட்டிக் கழற்றும் கேம்பரைச் சுமையாகக் கொள்வதா, மாற்றமாகக் கொள்வதா, அதற்கு யாரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்பதைப் போக்குவரத்துத் துறை அதிகாரி ஒருவரிடமே கேட்டு, அந்தப் பையன்களுக்குப் புரியும்படி வெளியிடுங்கள். வந்ததும் வெட்டிக் கடையில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பேட்டரி கடைக்காரர்,
செக்காலை, காரைக்குடி.