அச்சு நூலோடு ஒத்துப்போகாத பக்க எண்கள்: ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மின்னூலில் பக்க எண்கள் தவறாக இருப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் பார்வையற்ற வாசகர். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரின் துணையோடு படிப்பவர். உங்களிடம் நான் வாங்கிய வரலாற்று நூலின் விற்பனைக் குறிப்பில் "அச்சுப் பக்க எண்கள் உண்டு" என்றிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். எண்கள் இருக்கின்றன, ஒன்றும் சரியாக இல்லை.

அச்சு நூலில் முன்னுரைக்கு ரோமன் எண்கள். முதல் அத்தியாயத்தில்தான் 1 தொடங்குகிறது. உங்கள் கோப்போ அட்டையையே 1 என்று எண்ணிக்கொண்டு கிளம்பிவிட்டது. வகுப்பில் எல்லோரும் 87ஆம் பக்கத்தைத் திறக்கும்போது நான் வேறெங்கோ நிற்கிறேன். எப்போதும் ஒரே வித்தியாசம் என்றாலாவது கழித்துக்கொள்ளலாம். நடுவில் வரும் படப் பக்கங்களைக் கணக்கில் விட்டுவிட்டதால் அதுவும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகிறது. ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து, பக்கப் பட்டியலில் எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் அத்தியாயத் தலைப்பில்தான் போய் நிற்கிறது. நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவு முழுக்கப் பக்க எண்களை நம்பியது. அதைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

போதாக்குறைக்கு, எண்களை வாக்கியத்துக்குள் சாதாரண எழுத்தாகவே பதித்திருக்கிறீர்கள். "அரசாங்" என்று தொடங்கும் குரல், "நூற்று நாற்பத்து மூன்று" என்று சொல்லிவிட்டு, "கம்" என்று முடிக்கிறது.

உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். "எழுத்தின் அளவை மாற்றிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. பார்வையற்றவருக்கு! மீண்டும் எழுதியதற்கு, தேடல் வசதியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். பக்க எண் மட்டும் கையில் இருக்கும்போது எந்தச் சொல்லைத் தேடுவது?

எண்ணே இல்லாதிருந்தால், இல்லை என்று தெரிந்து, அச்சுப் பிரதி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டிருப்பேன். தவறான எண்ணை நம்பி ஆய்வுக் கட்டுரைக்கு அடிக்குறிப்பு எழுதினால் பழி என் தலையில்தான் விழும், உங்கள் தலையில் அல்ல.

நான் கேட்பது புதுமையும் அல்ல. அச்சுப் பக்கம் எங்கே மாறுகிறது என்று குறிப்பது பிரெய்ல் நூல்களில் பழைய வழக்கம். பேசும் நூல்களுக்கென 2001இல் வந்த டெய்சி 2.02 தரம் முன்பக்கங்கள், சாதாரணப் பக்கங்கள், சிறப்புப் பக்கங்கள் என்று பிரித்தே எண்ணிட இடம் தந்தது. மின்னூல் வடிவமான இபப் 3இல் பக்க முறிவுக் குறிகளுக்கும் பக்கப் பட்டியலுக்கும் இடம் உண்டு. பக்க எண்கள் எந்த அச்சுப் பதிப்பைச் சார்ந்தவை என்று கோப்பிலேயே குறிப்பிடச் சொல்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023இல் பரிந்துரையாக வெளியிட்ட இபப் அணுகல்தன்மை 1.1 தரம். உங்கள் கோப்பில் அந்த விவரமும் இல்லை.

ரோமன் எண்கள் உட்பட எல்லாப் பக்கங்களையும் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்தி, புதிய கோப்பைக் கூடுதல் கட்டணமின்றித் தாருங்கள். அதுவரை விற்பனைக் குறிப்பிலிருந்து அந்த வரியை நீக்கிவிடுங்கள். திருத்த இயலாது என்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். எதுவானாலும், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்