கத்தி வைத்தால்தான் பணமா? காப்பீட்டு விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் காப்பீட்டில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று விதி எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் உங்களிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: "வெளிநோயாளியாகப் பெறும் பயிற்சிச் சிகிச்சை பாலிசியில் அடங்காது." என் அம்மாவின் மூட்டுத் தேய்ந்த முழங்கால் கதை உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸ்ரே, மருத்துவர் சீட்டு, நான் எழுதிய மூன்று கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். இதே முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை செய்ய முன் அனுமதி கேட்டபோது ஒரே நாளில் சரி என்றீர்கள். பிசியோதெரபிஸ்ட் நடத்தும் பன்னிரண்டு பயிற்சி வகுப்புக்குக் கேட்டால் ஐந்து வாரம் யோசித்துவிட்டு முடியாது என்கிறீர்கள். அந்தப் பன்னிரண்டையும் சேர்த்தாலும் அறுவைச் செலவில் ஒரு ஓரத்துக்கு வராது. இது என்ன கணக்கு என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த மடல்.

அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. தண்ணீர் பாட்டில், மாத்திரை, மூக்குக்கண்ணாடி, போன், டார்ச் என்று எல்லாம் அதில் கைக்கெட்டும்படி அடுக்கியிருக்கும். பார்ப்பவர்கள் எவ்வளவு ஒழுங்கான மனுஷி என்று நினைப்பார்கள். எழுந்திருக்கப் பயந்து செய்த ஏற்பாடு அது. படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்த படி. சாயங்காலம் ஆனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். ராத்திரி கழிவறைக்கு எழ வேண்டுமே! இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. காலையில் பாட்டில் நிரம்பியபடியே இருப்பதைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

உங்கள் பதில் வருவதற்குள் சொந்தக் காசில் வகுப்பைத் தொடங்கிவிட்டோம். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். பத்து முறை. முதல் நாள் அம்மா மூன்றோடு நின்றுவிட்டார். பிசியோதெரபிஸ்ட் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டினார். ஆறு வந்தது. எழும்போது முழங்கால் பாதத்துக்கு நேராக வருகிறதா, உள்பக்கமாக மடங்குகிறதா என்று அந்தப் பெண் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "வலிக்குதும்மா, தேஞ்சது இன்னும் தேஞ்சிடாதா?" என்று அம்மா கேட்டார். "கொஞ்சம் வலிக்கலாம்மா, நாளைக்குள்ள அடங்கிட்டா பயமில்ல. தொடைத் தசை தேறினா மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும்" என்றார். அந்தக் குனிந்து பார்ப்பதற்குத்தான் நான் பணம் கேட்கிறேன். வீட்டிலேயே செய்யச் சொல்லிப் படம் போட்ட தாள்கள் எங்களிடம் முன்பே இரண்டு இருந்தன. அலமாரியில் பத்திரமாகத் தூங்கின.

நானாகக் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை இது. டென்மார்க்கில் 2013-இல் 'கிளாட்' என்ற பெயரில் இதையே ஒரு திட்டமாக்கினார்கள். நோயைப் பற்றி விளக்கும் வகுப்பு ஒன்றிரண்டு, பிறகு வாரத்துக்கு இரண்டு வீதம் ஆறு வாரம் மேற்பார்வையோடு பயிற்சி. அதே நாட்டில், மூட்டு மாற்று அறுவைக்குத் தகுதியானவர்கள் என்று முடிவான 100 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2015-இல் வந்தது. பாதிப் பேருக்கு அறுவையும் பயிற்சியும், மீதி 50 பேருக்கு அறுவை இல்லாத சிகிச்சை மட்டும். ஓராண்டுக்குள் அந்த 50 பேரில் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர்தான். அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். அறுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் பணம் கொடுங்கள் என்கிறேன்.

ஆதாரம் போதாது என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனில் சொன்னார். சரி, ஆதாரத்தைப் பற்றிப் பேசுவோம். தேய்ந்த முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டுகிற அறுவையை 180 பேரிடம் சோதித்த முடிவு 2002-இல் வெளியானது. அதில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. அதற்குப் பிறகும் எத்தனை முழங்கால்களைக் கழுவப் பணம் கொடுத்தீர்கள்? ஆதாரம் கேட்கிற கண்டிப்பு, கத்தியைக் கண்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது போலிருக்கிறது.

நீங்கள் கதவைச் சாத்தினால் வெளியே கடை போட ஆள் தயாராக இருக்கிறார். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட்டை மூட்டில் ஊசியாகப் போட்டால், எலும்பு முனைக்கு மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பு முளைக்கும் என்று அம்மாவிடம் ஒருவர் சத்தியம் செய்தார். 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்த ஆய்வில், அந்த ஊசியும் வெறும் உப்புநீர் ஊசியும் ஓராண்டு முடிவில் வலியிலும் குருத்தெலும்பிலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மாற்று சிகிச்சை என்றாலே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. தாய் சீ என்கிற மெதுவான அசைவுப் பயிற்சியை 204 பேரிடம் வழக்கமான பிசியோதெரபியோடு ஒப்பிட்டு 2016-இல் எழுதியிருக்கிறார்கள். 12 வாரத்தில் இரண்டும் சமமாகவே பலன் தந்தன. எண்ணெய் தேய்த்துவிட்டால் அன்றைக்கு ஒரு இதம் கிடைக்கும், தாராளமாகத் தேய்க்கட்டும். எது தேறும், எது தேறாது என்று பிரித்துப் பட்டியல் போட வேண்டியவர்கள் நீங்கள். அந்த வேலையை இப்போது விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது.

தம்பி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அவன் கிளெய்மும் உங்களிடம்தான் கிடக்கிறது. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஸ்கேனுக்குப் பணம் கொடுத்தீர்கள், நன்றி. இருட்டறையில் அசையாமல் படு என்றார்கள், மூன்று வாரம் படுத்தான். அப்படி முழு ஓய்வு தேவையில்லை, முதல் ஓரிரு நாள் ஓரளவு ஓய்வெடுத்துக்கொண்டே மெல்ல நடக்கத் தொடங்குவதே நல்லது என்று, விளையாட்டில் தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சி பற்றி ஆம்ஸ்டர்டாமில் 2022-இல் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். (விடாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், வலிப்பு என்றால் நேராக அவசரப் பிரிவுதான், அதில் பேச்சே இல்லை.) அப்புறமும் நான்கு மாதம், படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுழலும். உட்கார்ந்தபடியே தூங்கினான். மூன்று வகை மாத்திரை, மூன்றுக்கும் பணம் கொடுத்தீர்கள்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அவனைச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கண்ணையே பார்த்தார். கருவிழி துடித்தது. தலையில் பட்ட அடியில் உள்காதின் நுண்துகள்கள் இடம் பெயர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போயிருந்தன. தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி, எழுப்பி உட்கார வைத்தார். எப்ளி முறை என்று பெயர், 1992-இல் அதை உருவாக்கியவரே எழுதி வெளியிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று ராத்திரி தம்பி படுத்துத் தூங்கினான். அந்தக் கால் மணி நேரக் கட்டணத்தைத்தான் 'அடங்காது' என்று திருப்பி அனுப்பினீர்கள்.

தலையைத் திறந்து பார்த்திருந்தால் கொடுத்திருப்பீர்களோ என்னவோ. உங்கள் விதிப்படி மனிதன் கட்டிலில் ஓர் இரவு படுத்தால்தான் நோயாளி. நடந்து வந்து நடந்து போகிறவன் பிரீமியம் கட்ட மட்டும் தகுதியானவன். ஒருவேளை அடுத்த வகுப்புக்கு அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய் இறக்கினால் பரிசீலிப்பீர்களா?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். பணிவாகவே கேட்கிறேன். மூட்டுத் தேய்மானத்துக்கு மேற்பார்வையோடு செய்யும் பயிற்சியையும், தலையில் அடிபட்டவர்களுக்கான தலைசுற்றல், சமநிலைச் சிகிச்சையையும் வெளிநோயாளியாகப் பெற்றாலும் பாலிசியில் சேருங்கள். அறுவைக்குக் கொடுக்கும் கையாலேயே அதற்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் கொடுங்கள். முடியாது என்றால் காரணத்தை ஒரு வரிக்கு மேல் எழுதுங்கள்.

ஐந்து வகுப்பு முடிந்திருக்கிறது. நேற்று தலையணை இல்லாமல் அம்மா எட்டு முறை எழுந்தார். இன்னும் ஏழு வகுப்பு பாக்கி, ரசீதுகளை இத்துடன் மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தவறாமல் பிரீமியம் கட்டும் ஒரு பாலிசிதாரர்